சைவ வீட்டில் பூச்சி தின்னும் செடி

“கொசுவைப் பிடிச்சுத் தின்னற செடி வந்திருக்கு, வாங்கிக்குங்க அக்கா. ஒண்ணு தொங்கவிட்டா வீட்டிலே ஒரு கொசு இருக்காது!” தெருவில் வரும் செடி வண்டிக்காரர் முதல் பெரிய நர்சரிக்காரர் வரை பலரும் இப்போது இப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். இடுப்பில் குழந்தையோடு நிற்கிற இளம் தாய்மார்கள் இந்த ஒரு வார்த்தையை நம்பி 400, 500 ரூபாய் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். மூன்று மாதத்தில் குடுவைகளெல்லாம் கருகி, வெறும் இலையோடு அது மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. கொசு மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்றவள். அறிவியல் புத்தகத்தில் ‘நெப்பந்தஸ்’ என்று ஒரு படம் போட்டிருக்கும். பாகங்களைக் குறி என்று பரீட்சையில் கேட்டால் மூடி, குடுவை, பற்றுக்கம்பி என்று எழுதி மார்க்கு வாங்கியதோடு சரி. அந்தச் செடியை நிஜமாகப் பார்த்தது ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மலர்க் கண்காட்சியில்தான். 350 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். இன்று எங்கள் சென்னை அபார்ட்மென்டின் கிழக்குப் பார்த்த பால்கனியில் அந்த ஒன்று நான்காகி, எப்போது பார்த்தாலும் இருபது குடுவைகளுக்குக் குறையாமல் தொங்குகின்றன. பக்கத்தில் மண்ணும் தொட்டியும் கேட்காத காற்றுச் செடிகள் ஏழெட்டு.

இவற்றை வளர்ப்பது கஷ்டம் என்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் நாம் பார்த்துப் பார்த்துச் செய்வதையெல்லாம் இவற்றுக்குச் செய்யாமல் இருக்க வேண்டும். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, அதுதான் கஷ்டம்!

செடியைக் கொண்டுவந்த அன்று என் மாமியார் முகத்தைச் சுளித்தார். “ஏம்மா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்கேத்தற வீடு. இதுலே அசைவம் சாப்பிடற செடியைக் கொண்டாந்து தொங்கவிடறியே?”

“அத்தை, ரோஜாவுக்கு எலும்புத் தூள் போடறோமே, அதுக்காக ரோஜாவை அசைவம்னு ஒதுக்கறோமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவரே வந்து மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

விளையாட்டுக்குச் சொன்ன பதில்தான் என்றாலும் உண்மையும் அதுதான். குடுவைச் செடியும் மற்றச் செடிகளைப் போல வெயிலில்தான் தன் சோற்றைச் சமைத்துக்கொள்கிறது. பூச்சி அதற்குச் சோறு இல்லை, எரு. மண்ணிலிருந்து கிடைக்க வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்காத இடத்தில் பிறந்த செடி அது. நம் நாட்டில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி ஒரே ஓர் இனம்தான், நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவில் காசி, ஜைந்தியா, காரோ மலைகளில் வளர்கிறது. சிரபுஞ்சி இருக்கிற மலைப் பக்கம் என்றால் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பெய்கிற மழை மண்ணின் சத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஏழை மண்ணில் பிழைக்க வேண்டுமே என்று அந்தச் செடி இலையின் நுனியையே குடமாக்கிக்கொண்டது. அதைப் பூ என்று பலர் நினைக்கிறார்கள். பூ வேறு, சிறிதாகக் கொத்தாக வரும். அதிலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி.

குடுவை வேலை செய்கிற விதம் நம் சமையலறை எறும்புப் பொறியைவிடச் சாமர்த்தியமானது. மூடியின் அடியிலும் விளிம்பிலும் தேன் சுரக்கும். ஈரம் பட்டால் விளிம்பு எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். தேனுக்கு வந்த எறும்பு சறுக்கி உள்ளே விழும். உள் சுவரிலும் பிடிமானம் கிடையாது. அடியில் தேங்கியிருக்கும் நீரில் செரிமான ரசம் கலந்திருக்கிறது. மேலே இருக்கிற மூடி, விழுந்த பூச்சியை அடைக்க இல்லை. மழை விழுந்து அந்த ரசம் நீர்த்துப் போகாமலிருக்கத்தான். அது திறந்தபடியேதான் நிற்கும், மூடிக்கொள்ளாது. குழந்தை விரலை விட்டால் கடிக்குமா என்று கேட்பவர்களுக்கு: கடிக்காது, ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே செத்த பூச்சி கிடக்குமாகையால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.

இனி கொசு விஷயம்.

எங்கள் கீழ் வீட்டில் இரண்டு வயதுப் பையனோடு ஒரு பெண் இருக்கிறாள். போன வருஷம் அந்தக் குழந்தைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்து பிழைத்து வந்தது. அந்தப் பயத்தில் அவள் இந்தச் செடி இரண்டு வாங்கி, பையன் பகலில் தூங்கும் ஜன்னலோரம் தட்டில் நிறுத்தி வைத்தாள். “இப்பல்லாம் வலை கட்டறதில்லேக்கா, அதான் செடி இருக்கே” என்றாள். எனக்குத் திக்கென்றது. வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல் என்று அவளை மாடிக்குக் கூப்பிட்டேன். காயத் தொடங்கியிருந்த ஒரு பழைய குடுவையை வெட்டி, பத்திரிகைத் தாளில் வைத்து, கத்தரியால் நீளவாட்டில் பிளந்தேன். என் பெண்ணும் அவளும் ஊசியால் தள்ளித் தள்ளி எண்ணினார்கள். எறும்பு நாற்பத்தொன்று. சிறு ஈ இரண்டு. ஒரு குட்டிச் சிலந்தி. கொசு? ஒன்றுகூட இல்லை.

இருக்காதுதான். டெங்குக் கொசு தேடி வருவது நம் ரத்தத்தை. எங்கோ ஒன்று தவறி விழலாம், அவ்வளவுதான். காடுகளில் இந்தக் குடுவை நீரிலேயே முட்டையிட்டு வளரும் கொசு இனங்கள் உண்டு என்று படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது!

அதைவிட முக்கியமானது அந்தத் தட்டு. இருவருமாகக் கீழே போய் அவள் செடியைத் தூக்கிப் பார்த்தோம். தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர். அதில் புழுக்கள் நெளிந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக்குப் போகாது. இந்த மாதிரி வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். கடிப்பதும் பகலில்தான். முட்டையை நீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டு ஓரத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். குடுவைச் செடிக்குத் தட்டே வேண்டியதில்லை என்பது இன்னும் நல்ல செய்தி. வேரில் நீர் நின்றால் அது அழுகும். அடியில் ஓட்டைகள் உள்ள தொட்டியில் தொங்கவிட்டு, வடிய விடுங்கள். குழந்தைக்குப் பகலிலும் வலை கட்டுங்கள். அந்தப் பெண் அன்றே பரணிலிருந்து வலையை இறக்கினாள்.

கொசுப்புழுவைத் தின்னும் செடி உலகத்தில் இல்லாமல் இல்லை. நம் குளம் குட்டைகளில் மஞ்சள் பூவோடு மிதக்கும் யுட்ரிக்குளேரியா என்ற நீர்ச்செடி உண்டு. அதன் இலைகளில் கடுகு மாதிரிச் சின்னச் சின்னப் பைகள் இருக்கும். நுண்ணிய உயிர் தொட்டதும் பை வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். இதைக் கூர்ந்து பார்த்துச் சொன்னவர்களில் ஒருவர் நம்மைப் போல வீட்டிலிருந்தபடியே வேலை செய்த ஒரு பெண்மணி. பெயர் மேரி டிரீட். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் வைன்லாண்ட் என்ற ஊரில் இருந்தார். கணவரைப் பிரிந்தபின் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். வீட்டிலேயே செடிகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கவனிப்பார். கண்டதை டார்வினுக்குக் கடிதமாக எழுதுவார். டார்வின் 1875-ல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இவர் பெயரைச் சொல்லி எடுத்துக் காட்டியிருக்கிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் டார்வினைப் படித்தோம்; இந்தம்மாவைப் பற்றி ஒரு வரி உண்டா?

தண்ணீர்தான் உயிர், தண்ணீர்தான் எமன்

குடுவைச் செடி சாவதற்குப் பத்தில் எட்டுக் காரணம் தண்ணீர்தான் என்பேன். உப்பில்லாத மழைத் தண்ணீரில் வளர்ந்த வம்சம் அது. எங்கள் போர் தண்ணீரில் வாளியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பு தொட்டியில் நாளுக்கு நாள் சேர்ந்து வேரைக் கருக்கிவிடும். முதலில் புதுக் குடுவை வராமல் நிற்கும். பிறகு இலை நுனி கருகும். சத்துப் போதவில்லை போலிருக்கிறது என்று நாம் ஒரு கை மண்புழு உரத்தைப் போடுவோம். கதை முடிந்தது. அரிசி களைந்த நீர், பஞ்சகவ்யம், டீத் தூள், முட்டை ஓடு எதுவும் இதன் பக்கம் போகக் கூடாது.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது. இரண்டு மூன்று நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் போர் தண்ணீர் அதில் 1,100 காட்டுகிறது. இந்தச் செடிக்கு 50-க்குள் இருந்தால் உத்தமம், 100-ஐத் தாண்டக் கூடாது. ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டி வரும் குடிநீர் எங்கள் வீட்டில் 70. ஆனால் சில மெஷின்களில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலக்கிறார்கள், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் நல்ல பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மற்றச் செடிக்கு எப்படியோ, இதற்கு அது விஷம். உள்ள உப்பெல்லாம் அதில்தான் கூடி நிற்கிறது.

மழை நீரைவிடச் சிறந்தது இல்லை. 2003-ல் தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் எங்கள் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் பத்து நிமிஷ நீரை விட்டுவிட்டு, பிறகு வருவதை 20 லிட்டர் கேன்களில் பிடித்து இறுக மூடி வைத்துக்கொள்கிறேன். ஆறு கேன் இருந்தால் பங்குனி வரை கவலையில்லை. பிறகு வெயில் காலத்தில் ஏ.ஸி. குழாயில் சொட்டுகிற நீர். 2019-ல் சென்னையில் குடத்துக்கு அலைந்தோமே, அந்தக் கோடையில் அதைப் பக்கெட் வைத்துப் பிடித்துத் தரை துடைத்தது நினைவிருக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்து வருகிற நீராகையால் அதில் உப்புக் கிடையாது. இந்தச் செடிக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது.

மண் வேண்டாம். தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, கிடைத்தால் ஸ்பாக்னம் பாசி ஒரு பிடி. நார்த்தூள் நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருவதுதான், ஆனால் அதிலும் உப்பு உண்டு. அரிசி களைவது போல ஐந்தாறு தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். கடைசி அலசல் நல்ல நீரில் இருக்கட்டும். மண் தொட்டியைவிட பிளாஸ்டிக் தொட்டியே இதற்கு நல்லது. மண் தொட்டியின் சுவர் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு வெளிச்சமான நிழல். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் குடுவை உருவாகாது, இலை நுனிக் கம்பி வளைந்து அப்படியே காய்ந்துவிடும். அதற்காக ஈரப்பத மெஷினெல்லாம் வாங்கச் சொல்கிறார்கள். நான் செடியைத் துணிக் கொடியின் கோடியில் மாட்டினேன். தினமும் பக்கத்தில் நாலு ஈரத் துணி காய்கிறது. அதுவே போதுமாக இருக்கிறது. கத்திரி வெயிலில் மட்டும் குடுவைகள் சில கருகும், ஆடிச் சாரல் விழுந்ததும் திரும்ப வரும். காய்ந்த குடுவையை மட்டும் வெட்டுங்கள், இலை பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கி வரும் வழியில் உள்ளிருந்த நீர் கொட்டிவிட்டால் கால் குடுவை மழை நீர் ஊற்றலாம். இறைச்சித் துண்டு, தயிர்ச் சாதம், காய்ந்த இறால் என்று பிள்ளைகள் ஊட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள், அழுகி நாறும். தனக்கு வேண்டிய எறும்பை அதுவே பிடித்துக்கொள்ளும்.

சமவெளியில் வளர்க்க ‘வென்ட்ராட்டா’ என்று கேட்டு வாங்குங்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளின் இரண்டு இனங்களைக் கலந்த கலப்பினம், சூடு தாங்கும். பற்களோடு வாயை மூடிக்கொள்ளும் ‘வீனஸ் ஃபிளைட்ராப்’ படத்தைக் காட்டி விதை விற்கிறார்கள். அந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்காவின் கரோலினா மாகாணங்களில் ஒரு சிறு வட்டாரம் மட்டும்தான். உள்ளிருக்கும் மெல்லிய முடியை இருபது விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால் கண் இமைக்கிற நேரத்தில் மூடும், பார்க்க அதிசயம்தான். ஆனால் அதற்கு மூன்று நாலு மாதம் குளிர்கால உறக்கம் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அதற்கு எங்கே போவது? ஊட்டி, கொடைக்கானல் சகோதரிகள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

மேகாலயாச் செடி என்று யாராவது விற்றால் தொடாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காத்து வரும் செடி அது. காட்டில் பிடுங்குவதும், உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் குற்றம். நம் பக்கத்து ஈர மணலில் மழைக்குப் பின் தரையோடு தரையாகச் சிவப்பாக மின்னும் அழுகண்ணியும் பூச்சி பிடிக்கும் செடிதான். இலை முடிகளின் நுனியில் கண்ணீர் மாதிரிப் பசை நிற்கும். பார்த்தால் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தோண்டிக்கொண்டு வராதீர்கள்.

மண்ணே வேண்டாத செடி

எங்கள் ஊர் வீட்டு நிலைப்படியில் ஆகாச கருடன் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். திருஷ்டிக்கு. மண்ணும் நீரும் இல்லாமலே அது துளிர்விடும். சாமி சக்தி என்று பாட்டி கும்பிடுவாள். கிழங்கில் சேர்த்து வைத்த உணவையும் நீரையும் கொண்டு அது வளர்கிறது. இருப்புத் தீர்ந்தால் வாடிவிடும். டில்லாண்ட்ஸியா என்ற காற்றுச் செடி அப்படியில்லை. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அமெரிக்கக் கண்டத்துச் செடி. மரக்கிளையிலும் பாறையிலும் வேரால் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும். கொற்றான் கொடி மாதிரி மரத்தின் சாற்றை உறிஞ்சாது. நீரைக் குடிப்பது இலைதான். இலைமேல் சாம்பல் பூசினது போலிருக்கிறதே, அவையெல்லாம் நுண்ணிய செதில்கள். அவைதான் அதற்கு வாய். அதனால் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கக் கூடாது. சிவப்பு, நீலச் சாயம் பூசி விற்பதை வாங்கவும் கூடாது. வாயை அடைத்து வைத்த செடி எத்தனை நாள் இருக்கும்?

காற்றைக் குடித்தே வாழும் என்று சொல்லி விற்பதை நம்பித் தண்ணீரே காட்டாமல் விடுபவர்கள்தான் அதிகம். வாரம் ஒருமுறை, கோடையில் இருமுறை, ஒரு பேசினில் மழை நீரிலோ ஆர்.ஓ. நீரிலோ அரை மணி நேரம் மூழ்க வைக்கிறேன். பிறகு நன்றாக உதறி, துணி கிளிப்பில் தலைகீழாக மாட்டிவிடுவேன். நாலு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். நடுக் குருத்தில் நீர் நின்றால் அழுகிக் கையோடு வந்துவிடும். இதைக் காலையில் செய்வதற்குக் காரணம் உண்டு. பகல் வெயிலில் ஈரத்தை இழக்காமலிருக்க இந்தச் செடி ராத்திரியில்தான் இலைத் துளைகளைத் திறந்து மூச்சு விடுகிறது. இரவில் நனைந்திருந்தால் அதற்கு மூச்சு முட்டும். கண்ணாடி ஜாடிக்குள் அடைப்பதும் அதே போலத்தான். செம்புக் கம்பியில் கட்ட வேண்டாம், செம்பு இதற்கு ஆகாது. தூண்டில் நரம்பு நல்லது.

எந்தச் செடி வாங்கலாம் என்றால், கிழவர் தாடி மாதிரித் தொங்கும் ஸ்பானிஷ் மாஸிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் பால்கனியில் ஒரு பிடி வாங்கியது இப்போது என் பெண்ணின் பின்னல் நீளத்துக்கு இறங்கியிருக்கிறது. குட்டையான ‘அயோனாந்தா’ பூக்கும் சமயத்தில் நடு இலைகள் ரத்தச் சிவப்பாக மாறி, உள்ளிருந்து ஊதாப் பூ நீளும். ஒரு செடி ஆயுளில் ஒரே தடவைதான் பூக்கும். பூத்தபின் அடியில் இரண்டு மூன்று குட்டிகள் வரும். தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்தபின் பிரியுங்கள், அவசரப்பட வேண்டாம்.

குடுவைச் செடியைப் பெருக்க நான் மழைக்காலத்தில் கம்பு வெட்டி வைக்கிறேன். இரண்டு மூன்று கணு இருக்க வேண்டும். இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரப் பாசியில் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டி நிழலில் வைத்தால் இரண்டு மாதத்தில் துளிர் காட்டும். தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள். வெட்டும் கத்தரியை மட்டும் முதலில் கொதிநீரில் கழுவிக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்தால் கம்பு அடியிலிருந்து கறுத்துவிடும்.